வேர்வைப்பெட்டியின் குறைகள்

ஷமீமாவின் வீட்டுக்கு வேர்வைப்பெட்டி வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஷமீமா அல்ல, அவள் வீட்டு மொட்டை மாடிதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தப் பெட்டியைச் செய்தது மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டிக் கூரை வீடுகளில் இருக்கும் அளத்துக் கூலிக்காரர்களுக்காக. சுனாமி வந்துபோன பிறகு அங்கிருந்த கைப்பம்பை எவ்வளவு அடித்தாலும் உப்புத் தண்ணீர்தான் வந்தது. அந்தத் தண்ணீரை இந்தப் பெட்டிக்குள் ஊற்றி வெயிலில் வைத்தால், அது ஆவியாகி, மேலே சாய்த்து வைத்த கண்ணாடியில் வேர்த்து, ஓரமாக வழிந்து, நல்ல தண்ணீராகக் குழாய் வழியே சொட்டும். கரண்டும் வேண்டாம், விறகும் வேண்டாம். குயிலாப்பாளையத்துப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் செய்தார்கள். அவர்கள் அதற்கு ஏதோ அழகான பெயர் வைத்திருந்தார்கள். ஊரில் எல்லோரும் வேர்வைப்பெட்டி என்றுதான் சொன்னார்கள்.

முதல் பெட்டியைக் கொஞ்ச காலம் வைத்துப் பார்க்க, ஆடு மாடு முட்டாத, பிள்ளைகள் கல்லெறியாத, நாள் பூராவும் வெயில் விழுகிற இடம் வேண்டியிருந்தது. கூரை மேல் கண்ணாடிப் பெட்டியை ஏற்ற முடியுமா? ஆகவே யாருக்குத் தண்ணீர் இல்லையோ அவர்களை விட்டுவிட்டு, யாருக்கு மொட்டை மாடி இருக்கிறதோ அவர்களைத் தேடி வந்தார்கள். நல்ல மனசோடு செய்கிற காரியமும் சில சமயம் இப்படித்தான் வாசல் தவறிப் போய் நிற்கும்.

மரக்காணத்தில் ஷமீமா இருந்த பள்ளிவாசல் தெருவில் மொட்டை மாடிக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்கு ஓர் ஆண் சவுதியிலோ துபாயிலோ இருந்தான். மாடி கட்டும் அளவுக்குப் பணம் வந்தது, கட்டிய மாடியில் ஏறி நிற்கத்தான் ஆள் இல்லை. ஷமீமாவின் கணவர் அப்துல் சுக்கூர் கல்யாணமான மறு வருஷமே சவுதியின் தம்மாமுக்குப் போனவர், ஒரு மளிகைக் கடையில் கணக்குப் பார்க்கிறார். விடுமுறையில் வந்தால் முதல் வாரம் விருந்தாளி, கடைசி வாரம் பெட்டி கட்டுகிற பயணி, நடுவில் கொஞ்ச நாள்தான் புருஷன். ஒரே பிள்ளை தவுசீப். அவனும் படிப்பை முடித்த கையோடு போன வருஷம் அத்தாவிடமே போய்விட்டான். அவனுக்குத் துணி மடித்து வைத்து, நெற்றியில் முத்தம் கொடுத்து அனுப்பிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தியபோதுதான் அந்த வீட்டில் பிரிட்ஜ் எவ்வளவு சத்தம் போடுகிறது என்று ஷமீமா தெரிந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் தம்மாமிலிருந்து போன் வரும்.

"எப்படி இருக்கே?"

"பரவாயில்லைங்க."

"உடம்பு?"

"பரவாயில்ல."

"வீடு?"

"பரவாயில்லைங்க. எல்லாம் நல்லாருக்குது."

"சரி, இன்ஷா அல்லாஹ் அடுத்த வாரம் பேசறேன்."

இவ்வளவுதான் ஒரு வாரத்துக்கான பேச்சு. மிச்ச நாளெல்லாம் தெருவில் தயிர் விற்கிறவளிடம் இரண்டு வார்த்தை, அடுத்த வீட்டு ஜெயினம்புவிடம் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே நான்கு வார்த்தை. ஜெயினம்புவுக்கோ பேரப்பிள்ளைகள் நிறைந்த வீடு. பேசிக்கொண்டிருக்கும்போதே யாராவது விழுந்து அழுவார்கள், அவள் ஓடிவிடுவாள்.

இந்த நிலைமையில்தான் 2005 ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை செந்தமிழ் வந்து கதவைத் தட்டினாள். இரும்பை என்கிற ஊரைத் தாண்டி ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பத்துப் பெண். டிப்ளமோ படித்துவிட்டுப் பட்டறையில் சேர்ந்திருந்தாள். போன வாரம் ஆட்களோடு வந்து மாடியில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனவளும் அவள்தான். இப்போது தனியாக, கீழ்புத்துப்பட்டு வழியாக வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வேர்த்து விறுவிறுத்து நின்றாள்.

"பெட்டி எப்படிக்கா இருக்குது?"

"பரவாயில்லம்மா. நல்லாத்தான் இருக்குது."

செந்தமிழ் பேனாவை மூடிவிட்டாள்.

"அக்கா, பரவாயில்லன்னு சொன்னா நான் எழுதிக்க மாட்டேன். எங்க பட்டறை ஆதிமூலம் சார் கண்டிஷனா சொல்லிட்டாரு. பரவாயில்லைக்கு ரெண்டு அர்த்தம் இருக்குதாம். ஒண்ணு, நல்லாருக்குதுன்னு. இன்னொண்ணு, நல்லா இல்ல, ஆனா உங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுதுன்னு. நம்ம ஜனங்க பாதிப் பேரு ரெண்டாவதத்தான் சொல்றாங்களாம். எந்தப் பொருள் செஞ்சு குடுத்தாலும் பரவாயில்லன்னு வாங்கி வெச்சிக்கினு, மூலைல போட்டுடறாங்களாம். அதனால குறைதான் சொல்லணும். குறை இருந்தாத்தான் எனக்கு இங்க வேலை."

"குறையே இல்லன்னா?"

"அப்ப நான் வரவேண்டியதில்லையே. மழை முடிஞ்சி ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போயிடுவேன்."

ஷமீமா பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதுவரை அதை அவள் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. அவளுக்குக் குடிக்கக் கேன் தண்ணீர் வருகிறது. ஏதோ நல்ல காரியத்துக்கு இடம் கேட்டார்கள், கொடுத்தாள், அவ்வளவுதான்.

"அந்தக் குழாய் ரொம்பக் கீழ இருக்குது. என் குடம் அடியில போவல."

செந்தமிழின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள்.

"வேற?"

இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன பெரிய கதை என்று நினைக்கலாம். நினைத்துப் பாருங்கள், கடைசியாக உங்களிடம் யார் அப்படிக் கேட்டார்கள்? சொன்னதைக் கேட்டுக்கொண்டு, போதும் என்று எழுந்திருக்காமல், இன்னும் இருக்கிறதா என்று? ஷமீமாவுக்கு நாற்பது வயது. சமையல் என்ன, பணம் வந்துதா, கேஸ் சொல்லியாச்சா என்று கேட்டிருக்கிறார்கள். வேற என்று யாரும் கேட்டதில்லை. அவள் குனிந்து பெட்டியை இன்னும் கிட்டத்தில் பார்த்தாள். பிறகு, தண்ணீர் ஊற்றுகிற வாய் குறுகலாக இருப்பதால் பாதி வெளியே கொட்டுகிறது என்று சொன்னாள். அதுவும் உண்மைதான்.

அடுத்த வியாழக்கிழமை செந்தமிழ் பெட்டிக்கு நான்கு இரும்புக் கால்களோடு வந்தாள். அதற்கடுத்த வாரம் அகலமான வாயோடு. தான் வாயால் சொன்னது இரும்பாகவும் தகரமாகவும் திரும்பி வருவதைப் பார்க்க ஷமீமாவுக்குச் சிரிப்பும் பெருமையுமாக இருந்தது. புறா கண்ணாடியில் எச்சம் போட்டுவிடுகிறது என்றாள், ஓரத்தில் கம்பி கட்டினார்கள். கண்ணாடியை உள்பக்கம் துடைக்க முடியவில்லை என்றாள், கீல் வைத்துத் திறக்கிற மாதிரி ஆக்கினார்கள். ஜெயினம்பு கைப்பிடிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஷமீமா என்ஜினியர் ஆயிட்டா, இனிமே நம்மகிட்ட எல்லாம் பேசுவாளா" என்று கிண்டல் செய்தாள்.

வியாழக்கிழமை என்றால் காலையிலேயே அடுப்பு பற்றிக்கொள்ளும். சமோசா, இல்லாவிட்டால் வட்டலாப்பம். செந்தமிழ் பசியோடு வருவாள், கூச்சப்படாமல் சாப்பிடுவாள், வாய் ஓயாமல் பேசுவாள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், வந்தவன் பெட்டியைப் பற்றிக் கேட்காமல் சம்பளத்தைப் பற்றிக் கேட்டான், பஸ் கண்டக்டர் மீதிச் சில்லறையில் ஏமாற்றுகிறான், பட்டறையில் வெல்டிங் செய்கிற பையன் தன்னை டீச்சர் என்று கூப்பிடுகிறான். ஷமீமா கேட்டுக்கொண்டே இருப்பாள். மத்தியான பஸ்ஸுக்கு அவள் போன பிறகு, அவள் குடித்த டம்ளரைச் சாயங்காலம் வரை கழுவாமல் விட்டுவைப்பாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

ஆனால் ஒரு பெட்டியில் எத்தனை குறைதான் இருக்கும்? ஒரு தகரத் தட்டு, கறுப்புப் பெயிண்ட், ஒரு கண்ணாடி, ஒரு குழாய். புரட்டாசி பிறப்பதற்குள் எல்லாம் தீர்ந்துபோயிற்று. புதன்கிழமை சாயங்காலம் ஷமீமா மாடிக்குப் போய், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பாழாய்ப்போன பெட்டி ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் நின்றது. மறுநாள் செந்தமிழ் டீயைக் குடித்துவிட்டு, "அப்ப எல்லாம் சரியாயிடுச்சு. இனிமே மழை விட்டப்புறம் வந்தா போதும்" என்று பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"தண்ணில ஒரு வாடை வருதும்மா" என்றாள் ஷமீமா.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. செந்தமிழ் பையைக் கீழே வைத்தாள். டம்ளரில் தண்ணீர் பிடித்துக் குடித்துப் பார்த்தாள், இன்னொரு தடவை குடித்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலியேக்கா."

"லேசாத்தான். பெயிண்டு வாடையா, என்னான்னு தெரியல."

வாடைக்கு ஒரு வசதி உண்டு. குழாயின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம், வாடையை எதை வைத்து அளப்பது? போதாக்குறைக்குப் பட்டறையில் ஆதிமூலம் சார் ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்திருந்தார். பயன்படுத்துகிறவர்கள் சொன்னால் சொன்னதுதான், உன் நாக்கையும் உன் படிப்பையும் அங்கே கொண்டு போகாதே. நல்ல பாடம்தான். அந்தப் பாடத்துக்குள் ஒரு பொய் வந்து உட்கார்ந்துகொண்டால் அதை எழுப்ப முடியாது என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

பெயிண்டை மாற்றினார்கள். வாடை போகவில்லை. கண்ணாடியை ஒட்டுகிற பசையை மாற்றினார்கள், விலை கூடுதலான பசை. "பரவால்ல, கொஞ்சம் கொறைஞ்சிருக்குது, ஆனா இருக்குது" என்றாள் ஷமீமா. தகரத் தட்டை எடுத்துவிட்டு எவர்சில்வர் தட்டு வைத்தார்கள். ஒவ்வொரு வாரமும் செந்தமிழ் வந்தாள், சாப்பிட்டாள், பேசினாள். ஒவ்வொரு வாரமும் கடைசியில், "இன்னும் வாடை வருதாக்கா?" என்று கேட்கும்போது ஷமீமா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் வருது என்றாள். வரவில்லை என்றால் இவள் வரமாட்டாள்.

ரமலான் மாதத்தில் இது உச்சத்துக்குப் போனது. "நேத்து மத்தியானம்கூட குடிச்சிப் பாத்தேன். அந்த வாடை அப்படியே இருக்குது" என்று நோன்பு வைத்த வாயால் கூசாமல் சொல்லிவிட்டாள். செந்தமிழுக்கு நோன்பு பற்றி அவ்வளவாகத் தெரியாது. அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்திய பிறகுதான் ஷமீமாவுக்கு உறைத்தது. பட்டப்பகலில் தண்ணீர் குடித்தேன் என்று தன்னைத் தானே காட்டிக் கொடுத்திருக்கிறாள். நல்லவேளை, கேட்டது ஜெயினம்பு இல்லை. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, பொய் சொல்லக்கூடாத மாதத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்காமல் தண்ணீரைப் பற்றியே பொய் சொன்னோமே என்று தொழுகைப் பாயில் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகை அடுத்த வியாழக்கிழமை வரைக்கும்தான் தாங்கியது.

மழைக்காலம் அந்த வருஷம் கொட்டித் தீர்த்தது. உப்பளமெல்லாம் ஏரியாகிக் கிடந்தது. மழை விட்டு, தை பிறந்து, பாத்திகளைத் திரும்ப மிதித்துச் சரிசெய்ய ஆரம்பித்த நாளில், செந்தமிழ் ஒருத்தியைக் கூடவே அழைத்துக்கொண்டு வந்தாள். அருக்காணி என்று பெயர். அளத்தில் உப்பு சுமக்கிறவள். கூரை வீடுகளில் வைக்கப்போகிற பெட்டிகளில் முதல் பெட்டி அவளுக்குத்தான் என்று போன வருஷமே சொல்லியிருந்தார்கள். அவள் வீட்டுக்குக் குடிதண்ணீர் எடுக்க, அளத்து வேலை முடிந்த காலோடு ரோடு வரைக்கும் நடந்து, லாரி வருகிற வரைக்கும் நிற்க வேண்டும். வாசலில் தயங்கி நின்றாள். உப்பில் வெடித்த பாதத்தோடு மொசைக் தரையில் கால் வைக்க யோசிக்கிறாள் என்று புரிந்து, "உள்ள வாம்மா, பரவாயில்ல" என்று ஷமீமா கையைப் பிடித்துக் கூப்பிட்டாள்.

மாடியில் பெட்டியைப் பார்த்ததும் அருக்காணி சுற்றி வந்து தொட்டுப் பார்த்தாள். குழாயில் டம்ளரைப் பிடித்து, நிறைகிற வரைக்கும் பொறுமையாக நின்று, மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஷோக்கா இருக்குதும்மா. இனிப்பா இருக்குது."

"ஒரு வாடை வரல?" என்று கேட்டாள் செந்தமிழ்.

"இன்னா வாடை? ஒண்ணும் இல்லியே."

"அது உங்களுக்குத் தெரியாது அருக்காணி. உப்புத் தண்ணியே குடிச்சி உங்களுக்கு நாக்கு மரத்துப்போயிருக்கும். ஷமீமா அக்கா நாக்குக்குத்தான் கரெக்டா தெரியும்."

அருக்காணி டம்ளரைப் பார்த்தாள். பிறகு ஷமீமாவைப் பார்த்தாள். இருக்கலாம், பெரிய வீட்டு நாக்கு, நமக்கு என்ன தெரியும் என்கிற மாதிரி தலையை அசைத்துக்கொண்டாள். ஷமீமா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

செந்தமிழ் சொல்ல வந்த விஷயத்தை அப்போதுதான் சொன்னாள். வாடையை எடுக்கப் போய் எவர்சில்வர் தட்டும் புதுப் பசையுமாகப் பெட்டியின் விலை எங்கேயோ போய்விட்டது. அளத்துக்காரர்கள் சீட்டுப் போட்டாலும் எட்டாது. பட்டறையில் மறுபடி முதலிலிருந்து யோசிக்கப் போகிறார்கள். ஆகவே இந்தக் கோடைக்குப் பெட்டி வராது.

"உங்களுக்கு நேர்லயே காட்டி சொல்லிடலாம்னுதான் கூட்டிட்டு வந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க."

அருக்காணி டம்ளரைக் கவிழ்த்து, ஓரமாக வைத்தாள்.

"பரவாயில்லம்மா" என்றாள்.

செந்தமிழ் அதை நல்லபடியாகவே எடுத்துக்கொண்டாள். எத்தனை பாடம் படித்திருந்தாலும், நமக்கு வசதியான அர்த்தம் காதில் விழுந்துவிட்டால் இன்னொன்றைத் தேட மாட்டோம். ஆனால் ஷமீமாவுக்கு அந்தப் பரவாயில்லை தெரியும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் போனில் சொல்கிற அதே பரவாயில்லை. உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்கிற பரவாயில்லை. அருக்காணி படியிறங்கிப் போகும்போது கைப்பிடியைத் தொடாமல் போனாள், அழுக்காகிவிடும் என்று.

அந்த வாரம் ஷமீமாவுக்குச் சோறு இறங்கவில்லை. மாடியில் நின்றால் தூரத்தில் உப்பளம் தெரியும். காலை வெயில் ஏறுவதற்குள் பெண்கள் வரப்பின் மேல் வரிசையாகப் போவார்கள், வருவார்கள். யார் அருக்காணி என்று இங்கிருந்து கண்டுபிடிக்க முடியாது. எல்லோரும் அருக்காணியாகவே தெரிந்தார்கள். உண்மையைச் சொன்னால் கோடைக்குள் அவர்களுக்குத் தண்ணீர் வரும். உண்மையைச் சொன்னால் வியாழக்கிழமை போய்விடும். எந்த வீட்டிலாவது இப்படி ஒரு தராசு இருக்குமா? ஒரு தட்டில் ஒரு குடியிருப்பின் குடிதண்ணீர், இன்னொரு தட்டில் வாரத்துக்கு ஒரு டம்ளர் டீயும் வாய் நிறையப் பேச்சும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பார்கள். ஆள் இல்லாத வீட்டில் இருந்து பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

வியாழக்கிழமை சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டு, செந்தமிழ் ஒன்றை எடுத்துக் கடிக்கும் முன்பே ஷமீமா சொல்லிவிட்டாள். கடித்த பிறகு என்றால் மனசு மாறியிருக்கும்.

"அந்த வாடை இல்லம்மா."

"போயிடுச்சாக்கா?" செந்தமிழ் துள்ளி எழுந்தாள்.

"போறதுக்கு, இருந்தாத்தானே. எப்பவுமே இல்ல."

"புரியலக்கா."

"பொய் சொன்னேன். மொத நாள்லேர்ந்து. பழைய தட்டு, பழைய பெயிண்டு, பழைய பசை, எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு. அருக்காணி நாக்குதான் கரெக்டு."

செந்தமிழ் சமோசாவைத் தட்டில் திரும்ப வைத்தாள். அவள் பேசாமல் இருந்து ஷமீமா பார்த்ததே இல்லை.

"அந்தப் பசையச் சூடு பண்றப்போ கைல ஊத்திக்கிட்டேன்க்கா. பாருங்க, தழும்பு." புறங்கையைக் காட்டினாள். "அது போவட்டும். பட்டறைல எல்லாரும் வாடையே இல்லன்னாங்க. நான்தான் சண்ட போட்டேன். ஷமீமா அக்கா பொய் சொல்ல மாட்டாங்க, அவங்க சொன்னா சொன்னதுதான்னு. போன வாரம் அந்தம்மாகிட்ட நான் என்னா சொன்னேன்? உன் நாக்கு மரத்துப்போச்சுன்னு சொன்னேன். பக்கத்துலதானே நின்னுட்டிருந்தீங்க?"

"நின்னுட்டுத்தான் இருந்தேன்."

"ஏன்க்கா?"

"குறை இல்லன்னா வரமாட்டேன்னு நீதானே சொன்னே."

செந்தமிழ் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் போகவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. டீயைக் குடிக்காமலே எழுந்து போனாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. வெயிலில் போய் நின்றுகொண்டிருப்பாள் என்று ஷமீமாவுக்குத் தெரியும். ஆறிப்போன டீயைக் கொட்ட மனசில்லாமல் அவளே குடித்தாள்.

அடுத்த வாரம் டெம்போ வந்தது. இரண்டு ஆட்கள் மாடிக்கு வந்து பெட்டியை இறக்கினார்கள். எவர்சில்வர் தட்டைக் கழற்றிவிட்டு, பழைய தகரத் தட்டையே பொருத்தி எடுத்துப்போக வந்திருந்தார்கள். செந்தமிழ் முகத்தைக் கொஞ்சம் இறுக்கமாக வைத்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் அவளால் பேசாமல் ரொம்ப நேரம் இருக்க முடியாது.

"மொத பெட்டி இதுதான் அருக்காணிக்குப் போவுது. மத்தவங்களுக்கும் வெயில் ஏர்றதுக்குள்ள செஞ்சிடுவோம், பழைய விலைக்கே." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க குடத்துக்காகக் கால் கேட்டீங்க பாருங்க, அதனாலதான் இப்ப மாடி இல்லாமலே, ஆடு முட்டாத உயரத்துல தரையில நிக்குது. எங்களுக்கு யாருக்கும் அது தோணல. அதையும் சார்கிட்ட சொன்னேன்."

"நாக்கு விஷயம்?"

"அந்தம்மாகிட்ட நேர்ல போயி சொல்லிட்டேன். சிரிச்சாங்க."

ஆட்கள் பெட்டியை டெம்போவில் கட்டினார்கள். செந்தமிழ் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"இனிமே வேலை எல்லாம் அந்தப் பக்கம்தான்க்கா. இந்தப் பக்கம் வர்றதுக்கு…" என்று இழுத்தாள்.

"பரவாயில்லம்மா" என்றாள் ஷமீமா.

செந்தமிழ் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் என்று சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். எது என்று இந்தத் தடவை அவளுக்குப் புரிந்துவிட்டது. வேற என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள், கேட்காமலே மூடிக்கொண்டாள். கேட்டால் பதில் வரும். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு போய் எந்தப் பட்டறையில் கொடுப்பாள்? டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். அவள் ஷமீமாவின் கையை ஒரு முறை பிடித்து அழுத்திவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து தெருவில் செருப்புச் சத்தமெல்லாம் அடங்கிய பிறகு போன் அடித்தது.

"எப்படி இருக்கே?"

பழக்க தோஷத்தில் வார்த்தை உதடு வரைக்கும் வந்துவிட்டது. ஷமீமா அதை விழுங்கினாள்.

"நல்லா இல்லைங்க."



"ஏன், உடம்புக்கு என்னா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல."

"வீட்ல எதாவது ரிப்பேரா? மழைல மாடி ஒழுகிடுச்சா? கொத்தனாரக் கூப்ட்டுக் காட்டு. நான் வேணா யாரையாவது…"

"மாடி ஒழுகலைங்க. வீட்ல ஆளில்ல. அதான் குறை."

சொல்லிவிட்டாள். தம்மாமில் ஏதோ ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்னா ஷமீமா, இது புதுசா?"

"புதுசு இல்லைங்க, பழசுதான். நான்தான் பரவாயில்லன்னே சொல்லிக்கிட்டு இருந்துட்டேன். நீங்களும் நல்லாருக்கேன்னு எடுத்துக்கிட்டீங்க. ஒங்க மேல தப்பு சொல்லல. இந்த வீட்ல பேசறதுக்கு யாரும் இல்ல. பொழுது போவல. பயமா இருக்குது. வியாழக்கிழமையானா ஒரு பொண்ணு வரும், அதுவும் இனிமே…"

நடுவில் ஒரு பெண் குரல் அரபியில் ஏதோ சொன்னது. போன் கார்டில் காசு தீர்ந்தால் வருகிற குரல். லைன் அறுந்துபோயிற்று.

ஷமீமா ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள், பிறகு வைத்தாள். கார்டு தீர்ந்தால் அடுத்த பேச்சு அடுத்த வெள்ளிக்கிழமைதான். அது அந்த வீட்டுச் சட்டம். அதுவரைக்கும் அவர் என்ன நினைப்பார்? கிறுக்குப் பிடித்துவிட்டது என்பாரா, இத்தனை வருஷம் யாருக்காக இங்கே கிடக்கிறேன் என்று கோபப்படுவாரா? சொல்லாமலே இருந்திருக்கலாம். பிரிட்ஜ் ஒரு தடவை உதறிவிட்டு ஓட ஆரம்பித்தது. அவள் எழுந்து மாடிக்குப் போனாள். பெட்டி நின்ற இடத்தில் நான்கு கால்களின் துரு மட்டும் தரையில் வட்டமாகப் பதிந்திருந்தது. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தேய்த்துக் கழுவலாமா என்று யோசித்தாள். அப்படியே விட்டுவிட்டாள்.

கீழே போன் அடித்தது.

படியில் தடுக்கி, சேலையை மிதித்துக்கொண்டு இறங்கி ஓடினாள். எடுத்ததும் அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம்.

"வெள்ளிக்கிழமைன்னு கடையெல்லாம் சாத்திட்டானுங்க. ரெண்டு தெரு தள்ளிப் போயி வேற கார்டு வாங்கியாந்தேன்" என்றார் அப்துல் சுக்கூர். "வெச்சிடாதே."

"வெக்கலைங்க."

அவர் மூச்சு அடங்குகிற வரைக்கும் அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இப்படியெல்லாம் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன், தட்டுத் தடுமாறித்தான் கேட்டார்.

"சரி, கேட்டுக்கினேன். வேற?"

ஷமீமா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள்.